கோல் போடுபவர் மட்டுந்தானா வீரர்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஓர் உதைபந்தாட்டப் போட்டி முடிந்து சனங்கள் மைதானத்தை விட்டு வெளியேறும்போது அவர்களுடைய பேச்சைச் சற்றுச் செவிமடுத்துப் பாருங்கள். "யார் கோல் போட்டது?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும். "எத்தனை கோல்?" என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கோல் விழுவதற்கு முன் பந்து யார் யாருடைய கால்களைத் தொட்டு வந்தது என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர். மறுநாட் பத்திரிகையிலும் கோல் போட்டவரின் படமே பெரிதாக இருக்கும். அப்படியானால் மற்றப் பத்துப் பேரும் வேடிக்கை பார்க்கவா மைதானத்தில் இறங்கினார்கள்?

அன்புத் தோழியரே! உதைபந்தாட்டம் ஆண்பிள்ளைகளின் விளையாட்டு, பெண்கள் பாடசாலை மலரில் அதற்கென்ன இடம் என்று சிலர் முகம் சுழிக்கலாம். பலர் கூடிச் செய்யும் காரியத்தில் புகழ் யாருக்குப் போகிறது, போக வேண்டியது யாருக்கு என்ற கேள்வி நம் எல்லாருக்கும் உரியது. அதைப் பற்றிச் சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ளும் மனிதர் போர்த்துக்கல் நாட்டின் அணித்தலைவராக விளங்கிய மத்தியகள வீரர் மாரியோ கொலுனா. அவருடைய பெயரை நம்மிற் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர் கைபிடித்து வழிநடத்திய யுசேபியோவின் பெயரையோ உதைபந்தாட்டம் தெரிந்த எல்லாரும் அறிவர். இந்த வேறுபாடே என்னைச் சிந்திக்கத் தூண்டியது.

"கொலுனா" என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்குத் "தூண்" என்பது பொருள். போர்த்துக்கேயச் சொற்கள் நமக்குப் புதியனவல்ல. நாம் அமரும் கதிரையும், காலில் அணியும் சப்பாத்தும், காலையில் உண்ணும் பாணும், காற்று வரத் திறந்து வைக்கும் யன்னலும், புத்தகம் அடுக்கும் அலுமாரியும் அவர்கள் மொழியிலிருந்து வந்து நம் வீட்டில் நிலைத்துவிட்ட சொற்களே. தூண் என்ற நம் சொல் மட்டும் நம்மோடு அப்படியே இருந்துவிட்டது. வீட்டுக்கு வருபவர் சுவரிலுள்ள படத்தைப் பார்த்து வியப்பர். முற்றத்துப் பூவைப் பார்த்து மகிழ்வர். கூரையைத் தாங்கி நிற்கும் தூணைத் தொட்டுப் பார்த்து யாரும் பாராட்டுவதில்லை. அந்தப் பெயர் இந்த மனிதருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை இனிக் காண்போம்.

முதலில், மத்தியகள வீரரின் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னணி வீரர் எதிரியின் கோல் கம்பங்களை நோக்கி ஓடுகிறார். பின்னணி வீரர் தம் பக்கத்துக் கோல் கம்பங்களைக் காக்கிறார். இந்த இரு சாராருக்கும் நடுவே நிற்பவர்தான் மத்தியகள வீரர். எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும். பறித்த பந்தை யாருக்குக் கொடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். கொடுத்த பின்னும் ஓயாமல், அடுத்து எங்கே ஆபத்து வரும் என்று பார்த்து அங்கே ஓட வேண்டும். ஆட்டத்தை விரைவுபடுத்துவதும் ஆறப்போடுவதும் அவர் பொறுப்பு. தொண்ணூறு நிமிடமும் முன்னும் பின்னும் ஓடுபவர் அவர். ஆனால் ஆட்ட முடிவில் கணக்கு எழுதும் தாளில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவர் செய்த வேலையை எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை!

மாரியோ கொலுனா 1935 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6 ஆம் திகதி ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக் நாட்டிற் பிறந்தார். தந்தை போர்த்துக்கேயர், தாய் மொசாம்பிக் நாட்டவர். அக்காலத்தில் அந்நாடு போர்த்துக்கலின் ஆட்சியின் கீழ் இருந்தது. இன்று மாப்புட்டோ என்று அழைக்கப்படும் தலைநகரம் அன்று லொரென்சோ மார்க்கேஸ் என்ற பெயரைத் தாங்கி நின்றது. அந்நகரக் கழகமொன்றில் விளையாடி, உயரம் பாய்தல் போன்ற மெய்வல்லுநர் போட்டிகளிலும் திறமை காட்டிய இந்த இளைஞரை, லிஸ்பன் நகரின் புகழ்பெற்ற பென்பிக்கா கழகம் 1954 ஆம் ஆண்டு அழைத்துக்கொண்டது.

அங்கே போனபோது அவர் ஒரு முன்னணி வீரர். கோல் போடுவதே அவர் பழகிய வேலை. ஆனால் அப்போது பென்பிக்காவின் பயிற்றுநராக இருந்த பிறேசில் நாட்டவரான ஒட்டோ குளோரியா, அந்த இளைஞரின் உடல் வலிமையையும் பந்தை அனுப்பும் நேர்த்தியையும் கண்டு அவரைப் பின்னே இழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். இதை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மேடையின் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியை அழைத்து, "இனி நீ பின்னால் நின்று மற்றவர்களுக்குத் தாளம் போடு" என்று சொன்னால் அவள் மனம் எப்படி இருக்கும்? கொலுனா அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல் அந்த இடத்தையே பெரிதாக்கினார். பென்பிக்காவுக்காக 16 பருவங்கள் ஆடினார். 500 க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். 10 தேசிய லீக் வெற்றிகள். நடுக்களத்தில் நின்றுகொண்டே 100 க்கும் மேற்பட்ட கோல்களையும் போட்டார் என்றால் அவருக்குக் கோல் போடத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? தெரிந்திருந்தும் முதல் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்தவர் அவர்.

ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணப் போட்டி 1955 இல் தொடங்கிய நாள் முதல் 1960 வரை ஐந்து பருவங்களும் ஸ்பெயின் நாட்டு ரியல் மட்ரிட் கழகமே அதை வென்று வந்தது. அந்தச் சங்கிலியை அறுத்துக் கிண்ணத்தை ஏந்திய முதற் கழகம் பென்பிக்கா. 1961 மே 31 ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் பார்சலோனாவை அது 3 - 2 என வென்றது. வெற்றியைத் தந்த மூன்றாவது கோலைத் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தவர் கொலுனா. அந்த இறுதிப் போட்டியில் யுசேபியோ ஆடவேயில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பென்பிக்கா என்றாலே யுசேபியோ என்று எண்ணுவோர் பலர். அவர் அந்த அணியில் சேர்ந்து ஒளி வீசுவதற்கு முன்பே அந்த வீட்டின் தூண் ஊன்றப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு, 1962 மே 2 ஆம் திகதி, அம்ஸ்ரர்டாம் நகரில் இறுதிப் போட்டி. இம்முறை எதிரி ரியல் மட்ரிட். அவ்வணியின் புஸ்காஸ் முதற் பாதியிலேயே மூன்று கோல்களைப் போட்டுவிட்டார். இடைவேளையின்போது பென்பிக்கா 2 - 3 எனப் பின்தங்கி நின்றது. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் கொலுனா ஒரு கோலைப் போட்டு ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். அதன் பின் 20 வயது நிரம்பிய யுசேபியோ இரண்டு கோல்களைப் போட, பென்பிக்கா 5 - 3 என வென்றது. உலகம் அன்றிரவு யுசேபியோவைக் கண்டுபிடித்தது. சமநிலைக் கோலைப் போட்டவர் யார் என்று பலர் மறந்துவிட்டனர்.

யுசேபியோவுக்கும் கொலுனாவுக்கும் இருந்த உறவைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. யுசேபியோவும் லொரென்சோ மார்க்கேஸ் நகரப் பிள்ளையே. தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 1960 டிசம்பரில், 18 வயதில், முன்பின் அறியாத லிஸ்பன் நகரில் வந்து இறங்கியபோது அவர் கையில் தாயார் கொடுத்தனுப்பிய ஒரு கடிதம் இருந்தது. அது கொலுனாவுக்கு எழுதப்பட்டது. மகனைப் பார்த்துக்கொள்ளும்படி அந்தத் தாய் கேட்டிருந்தார். அப்போது கொலுனாவுக்கு வயது 25 தான். பெற்றெடுத்தவர் கண்காணாத தேசத்தில் தம் பிள்ளையை ஒப்படைக்க நம்பிய மனிதர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கோல்களின் எண்ணிக்கையைப் பார்த்தா அந்தத் தாய் அவரைத் தேர்ந்தெடுத்தார்?

யுசேபியோ உலகப் புகழ் பெற்ற பின்னும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "சென்யோர் கொலுனா", அதாவது "கொலுனா ஐயா" என்றே அழைத்து வந்தார். மேற்சொன்ன 1962 இறுதிப் போட்டியில் பென்பிக்காவுக்குத் தண்ட உதை கிடைத்தபோது, அதை எடுக்கத் தமக்கு அனுமதி தருமாறு யுசேபியோ கொலுனாவிடம் பணிவோடு கேட்டார் என்பது உதைபந்தாட்ட உலகம் நன்கறிந்த செய்தி. மூத்தவர் சம்மதித்தார், இளையவர் கோலாக்கினார். ஐரோப்பாவின் மிகப் பெரிய மேடையில், தம் காலடியில் கிடந்த புகழை இன்னொருவருக்குத் தள்ளிவிட எத்தனை பேருக்கு மனம் வரும்? பந்தைத் தகுந்த நேரத்தில் தகுந்த ஆளுக்குக் கொடுப்பது மத்தியகள வீரரின் கலை என்றால், அன்று கொலுனா கொடுத்ததுதான் அவருடைய தலைசிறந்த பந்து என்பேன்.

ஒருவரின் அருமை அவர் இல்லாதபோதுதான் தெரியும் என்பார்கள். 1963 ஆம் ஆண்டு இலண்டன் வெம்பிளி அரங்கில் பென்பிக்கா மூன்றாவது முறையாக இறுதிப் போட்டியில் ஆடியது. யுசேபியோ முதற் கோலைப் போட்டார். ஆனால் அந்த ஆட்டத்தில் எதிரணியான மிலானின் வீரர் ஒருவர் இடித்துக் கொலுனாவின் காலிற் காயம் ஏற்பட்டது. அக்காலத்தில் மாற்று வீரரை இறக்கும் வழக்கம் இல்லை. உலகக் கிண்ணத்திற்கூட அந்த முறை 1970 இல் தான் வந்தது. நடுக்களத்தின் வலிமை குன்றியது. மிலான் வீரர் அல்தபீனி இரண்டு கோல்களைப் போட, பென்பிக்கா 1 - 2 எனத் தோற்றது. முன்னணியில் யுசேபியோ நல்ல சுகத்தோடு இருந்தார், காயப்பட்டது தூண். இதை விடச் சிறந்த சான்று என் வாதத்துக்கு வேண்டியதில்லை. 1965 இலும் 1968 இலும் பென்பிக்கா மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றது. அந்த ஐந்து இறுதிப் போட்டிகளிலும் கொலுனா ஆடியிருந்தார்.

இனி 1966 ஆம் ஆண்டுக்கு வருவோம். போர்த்துக்கல் முதன்முதலாக உலகக் கிண்ணப் போட்டியில் ஆடியது. அணித்தலைவர் கொலுனா. ஹங்கேரி, பல்கேரியா ஆகிய அணிகளையும், முந்திய இரு உலகக் கிண்ணங்களையும் வென்றிருந்த பிறேசிலையும் அவ்வணி தோற்கடித்தது. காலிறுதியில் வட கொரியா முதல் 25 நிமிடங்களுக்குள் மூன்று கோல்களைப் போட்டபோது உலகமே திகைத்தது. போர்த்துக்கல் மனந் தளராமல் ஆடி 5 - 3 என வென்றது. அதில் நான்கு கோல்கள் யுசேபியோவுடையவை. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 1 - 2 எனத் தோற்றாலும், சோவியத் நாட்டை வென்று மூன்றாம் இடத்தைப் பெற்றது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆறு ஆட்டங்களில் போர்த்துக்கல் பெற்ற கோல்கள் 17. அவற்றுள் யுசேபியோ போட்டவை 9. அந்தப் போட்டித் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவரே. அணித்தலைவர் கொலுனா போட்டவை எத்தனை? ஒன்றுகூட இல்லை! ஆறு ஆட்டங்களிலும் ஆடியும் கோல் கணக்கில் அவர் பெயர் இல்லை. கணக்குத் தாளை மட்டும் பார்த்து அணி தெரிவு செய்பவர் ஒருவர் இருந்திருந்தால், அணித்தலைவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் மூன்று கோல் பின்தங்கிய வேளையில் பதறாமல் பந்தை வாங்கி, பதறியவர்களை அமைதிப்படுத்தி, மீண்டும் மீண்டும் முன்னே அனுப்ப நடுவில் ஒருவர் வேண்டும். அவரை எந்த எண்ணால் அளப்பது? போர்த்துக்கேயர் அவருக்குப் "புனிதப் பூதம்" என்று பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டியிருந்தனர். அது இகழ்ச்சியன்று. மேடையில் ஏறினால் எல்லாரையும் கட்டிப்போடும் பெருங் கலைஞர்களுக்கு வழங்கும் பட்டம் அது. கூட ஆடியவர்களுக்கு அவர் அருமை தெரிந்திருந்தது.

என் கருத்தை மறுப்போர் இருவகையினர். முதல் வகையினர், "கோல் இல்லாமல் வெற்றி ஏது? கடைசியில் பந்தை வலைக்குள் சேர்ப்பதே மிகக் கடினமான வேலை. அதற்குப் புகழ் கொடுப்பதில் என்ன பிழை?" என்பர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. யுசேபியோவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1965 ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருது அவருக்குக் கிடைத்தது மிகப் பொருத்தமே. புகழ் ஒரே இடத்தில் குவிந்து மற்ற இடங்கள் இருளில் கிடப்பதைத்தான் நான் பிழை என்கிறேன். எல்லாருக்கும் கோல் போடுபவராகவே ஆசை வந்துவிட்டால் பந்து கொடுக்க யார் இருப்பர்? பதினொரு பேரும் எதிரியின் கோல் கம்பத்தடியில் காத்து நிற்கும் அணியை ஒரு பாலர் அணியும் வென்றுவிடும். உலகமும் இதை மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறது போலும். அதே தங்கப்பந்து விருதை 2018 இல் குரோவேசியாவின் மொட்ரிச்சும், 2024 இல் ஸ்பெயினின் ரொட்ரியும் பெற்றனர். இருவரும் மத்தியகள வீரர்கள்.

இரண்டாம் வகையினரின் கேள்வி இன்னும் கூர்மையானது. "தம் தாய்நாட்டை அடிமைப்படுத்திய நாட்டின் சட்டையை அணிந்து, அதற்கே தலைவராக நின்று வெற்றி தேடிக் கொடுத்தவரை எப்படிப் போற்றுவது?" என்று அவர்கள் கேட்பர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய நாம் இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1619 இல் நம் இராச்சியத்தைக் கைப்பற்றி 1658 வரை ஆண்டவர்களும் இதே போர்த்துக்கேயர்தாம். மொசாம்பிக்கிலோ அவர்கள் ஆட்சி இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1961 வரை அங்கே சட்டமே மக்களைக் குடிமக்கள் என்றும் "சுதேசிகள்" என்றும் பிரித்து வைத்திருந்தது. 1964 செப்டெம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது. 1966 இல் கொலுனா இங்கிலாந்து மைதானங்களில் போர்த்துக்கல் அணியை வழிநடத்தியபோது அவர் பிறந்த மண்ணில் அந்தப் போர் நடந்துகொண்டிருந்தது. அவரும் யுசேபியோவும் மட்டுமல்ல, இலாரியோ, விசென்தே ஆகிய வீரர்களும் மொசாம்பிக்கிற் பிறந்தவர்களே. "பாருங்கள், எங்கள் நாட்டில் நிறபேதம் இல்லை" என்று உலகுக்குக் காட்ட சலசாரின் அரசுக்கு அவர்கள் நல்ல காட்சிப் பொருளாயினர்.

இதற்கு என்னுடைய விடை இது. அந்த ஆட்சி செய்த அநீதியை ஓர் உலகக் கிண்ணத்தால் மூடிவிட முடியாது, மூடவும் கூடாது. ஆனால் இளம் வயதில் பந்தைத் தவிர வேறு செல்வம் இல்லாமல் கடல் கடந்து போன ஒருவரை, அவரை ஆண்டவர்கள் செய்த குற்றத்துக்காகத் தண்டிப்பதும் நியாயமாகாது. அவருக்கு இருந்த வழி குறுகியது. அந்தக் குறுகிய வழியில் அவர் எப்படி நடந்தார் என்பதையே நாம் பார்க்க வேண்டும். தமக்குப் பின்னால் வந்த தம் ஊர்ப் பிள்ளையை அவர் அரவணைத்தார். கறுப்பினத்தவருக்குக் கீழே நிற்கும் இடமே உரியது என்று எண்ணிய சமுதாயத்தில், வெள்ளையரும் கறுப்பரும் அவர் சொற்படி ஆடும் நிலையை உண்டாக்கினார். இது விடுதலைக்கு ஈடாகாதுதான். ஆயினும், தலைமை தோலின் நிறத்தில் இல்லை என்பதைப் பல்லாயிரம் பேர் கண்ணால் காணும்படி செய்தது சிறிய காரியமன்று.

பின்னர் அவர் செய்ததைக் கேளுங்கள். 1970 இல் பென்பிக்காவை விட்டு நீங்கிய அவர் பிரான்சின் லியோன் கழகத்தில் ஒரு பருவம் ஆடினார். 1975 ஜூன் 25 ஆம் திகதி மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது. இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்களை வென்றவருக்கு லிஸ்பனில் மதிப்பும் வசதியும் நிறைந்த வாழ்வு காத்திருந்தது. அவரோ தாய்நாட்டுக்குத் திரும்பினார். அங்கே உதைபந்தாட்டத்தை வளர்க்க உழைத்து, அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார். சுதந்திரம் பெற்ற அந்த மண்ணில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போர் நடக்கும் நாட்டில் வாழ்வதென்றால் என்ன என்பதை நம் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். அத்தகைய நாட்டைத் தம் நாடென்று சொல்லித் தம் அறிவை அதற்குக் கொடுக்க முன்வந்தவரை, ஆண்டவரின் ஆள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வாழ்நாளெல்லாம் பந்தைப் பிறருக்குக் கொடுத்தவர், கடைசியில் தம்மையே தம் நாட்டுக்குக் கொடுத்தார்.

2014 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் திகதி யுசேபியோ காலமானார். போர்த்துக்கல் மூன்று நாள் தேசிய துக்கம் அனுட்டித்தது. அடுத்த ஆண்டு அவருடைய உடல் நாட்டின் பெருமக்கள் துயிலும் தேசிய நினைவாலயத்தில் வைக்கப்பட்டது. அவர் மறைந்து 51 நாட்கள் கழித்து, பெப்ரவரி 25 ஆம் திகதி, மாப்புட்டோ நகரில் கொலுனா தமது 78 ஆவது வயதில் கண்மூடினார். தாயின் கடிதத்தோடு வந்த பிள்ளை முன்னே போக, அப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் பின்னே சென்றார். இருவரும் நடந்த வழி ஒன்று. உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒருவரை.

தோழியரே, மொசாம்பிக்கும் போர்த்துக்கலும் நமக்குத் தூரம். ஆனால் நாம் ஆடும் வலைப்பந்தாட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏழு பேர் கொண்ட அணியில் கோல் எறியும் உரிமை இருவருக்கே உண்டு. நடுவில் ஆடும் சென்ரர் இரு கோல் வட்டங்களுக்குள்ளும் காலை வைக்கவே விதி இடந்தராது. மைதானமெங்கும் ஓடிக் களைப்பவள் அவள். ஆட்டத்தைத் தொடங்கும் பந்து அவள் கையிலிருந்தே போகிறது. ஆனால் எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் கோல் கணக்கில் அவள் பெயருக்கு எதிரே சுழியந்தான் இருக்கும். நானும் அந்த இடத்தில் ஆடுபவள் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்! அந்த இடத்தில் நின்றவளுக்குத்தான் அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் முழுவதும் தெரியும் என்பதும் தெரியும்.

விளையாட்டில் மட்டுமா இப்படி? கலைவிழா நாடகத்தில் அரசியாக நடித்தவளுக்குக் கைதட்டல். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள் யார்? அணிநடையில் முதற் பரிசு பெற்ற இல்லத்துக்குக் கேடயம். முதல் நாள் மாலை மழைக்குள் நின்று கோடு கீறியவள் யார்? வீட்டிலே எல்லாரும் உண்ட பின் உண்ணும் அம்மாவின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? கொலுனாவின் கதை இவர்கள் எல்லாருடைய கதையுமாகும்.

ஆகவே, பெரியோர் முன் பணிவோடு ஒரு யோசனையை வைக்கிறேன். விளையாட்டுப் போட்டிகளில் அதிக கோல் போட்டவருக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அதனோடு இன்னொரு பரிசையும் சேர்த்துக்கொள்ளலாம். "எங்களை நன்றாக ஆட வைத்தவர் யார்?" என்று ஆட்டத்தில் பங்குபற்றிய பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் தெரிவு செய்யும் ஒருவருக்கு அதை வழங்கலாம். விலையுயர்ந்த கிண்ணம் தேவையில்லை. ஒரு சிறு புத்தகம் போதும். கணக்குத் தாளில் இல்லாத கட்டம் அன்று புதிதாக ஒன்று சேர்ந்துவிடும். யுசேபியோ எழுந்து நின்று "ஐயா" என்று அழைத்த அந்த மரியாதையை நாமும் நம்மிடையே பழகிக்கொள்வோம்.

கோல் போடுவோரை வாழ்த்துவோம். அவர்களுக்குப் பந்து கொடுத்தோரையும் பெயர் சொல்லி வாழ்த்துவோம்!